தட்டில் சோறு மிஞ்சினால்

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்." கால்நடை மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியம் எப்படியும் காதில் விழும். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் படுத்த படுக்கையாவதற்குப் பல நாட்கள் முன்பே எதையாவது காட்டியிருக்கும். கேட் திறக்கும் சத்தத்துக்குத் துள்ளி ஓடி வருவது நின்றிருக்கும். தட்டில் கால்வாசிச் சோறு மிஞ்சியிருக்கும். மாடிப்படி ஏறாமல் கீழேயே சுருண்டிருக்கும். "வெயில் ஜாஸ்தி, அதான்" என்று வீட்டில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

நாய்க்கு வரக்கூடிய நோய்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது டாக்டரின் படிப்பு. நலமாக இருக்கும்போது நம் நாய் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் வளர்ப்பவரின் வேலை. அது தெரிந்தவருக்கு மாற்றம் முதல் நாளே தெரிந்துவிடும். சோறு வைப்பவர் யாரோ அவர்தான் அந்த வீட்டு நாய்க்கு முதல் வைத்தியர். வீட்டில் ஆளுக்கொரு வேளை சோறு வைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போகும். ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

நலமான நாயின் கணக்கு

நாயின் உடல் வெப்பம் நம்முடையதைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஆகவே காதைத் தொட்டுப் பார்த்து "உடம்பு சுடுது" என்று சொல்வதிலும், மூக்கு காய்ந்திருப்பதைப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்வதிலும் அர்த்தமில்லை. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். முனையில் கொஞ்சம் வாசலின் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் அளவுக்கு மெல்ல நுழைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் ஒத்துழைக்கும். ஓடி விளையாடிய உடனே பார்க்காதீர்கள். அமைதியாக இருக்கும்போதே 103-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

அடுத்தது ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்; இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் ஒரு கணம் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே எங்கோ கசிகிறது. மஞ்சளாக இருந்தால் காமாலை. நீலம் பாரித்தால் மூச்சுத் திணறல். அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கோம்பை நாயைப் போல வாயெல்லாம் கறுப்பாக இருக்கும் நாய்களுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கச் சிவப்பைப் பார்க்கலாம்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். வயதான நாய்க்கு இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடினால் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை அளப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு நாய் நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி குடிக்கும். நூறு மில்லியைத் தாண்டினால், அதாவது இருபது கிலோ லாப்ரடார் இரண்டு லிட்டருக்கு மேல் காலி செய்தால், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ கருப்பைச் சீழோ இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு நாள் பாட்டிலால் அளந்து ஊற்றிப் பாருங்கள். "நிறையத் தண்ணி குடிக்குது" என்பதைவிட "நேற்று இரண்டரை லிட்டர்" என்பது டாக்டருக்கு எவ்வளவோ உதவும்.

உண்ணி

நம் ஊர் நாய் வளர்ப்பில் முதல் எதிரி யார் என்று கேட்டால் யோசிக்காமல் உண்ணி என்பேன். நோயைக் கண்டு பயப்படுகிற அளவுக்கு மக்கள் உண்ணியைக் கண்டு பயப்படுவதில்லை. "நாய்னா உண்ணி இருக்கத்தானே செய்யும்" என்ற அலட்சியம்தான் பல நாய்களின் உயிருக்கு உலை வைக்கிறது.

நம் நாய்கள்மீது ஏறுவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இதன் குணத்தைப் புரிந்துகொண்டால்தான் ஒழிக்க முடியும். வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி பயறு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பி, தானே கீழே விழும். விழுந்ததும் சுவரில் ஏறும். மேலே ஏறுவதுதான் அதன் பழக்கம். கதவு நிலையின் இடுக்கு, சுவர் வெடிப்பு, திரைச்சீலையின் மடிப்பு, நாய் படுக்கும் கட்டிலின் அடிப்பலகை என்று ஏதாவது ஓர் இடுக்கில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எந்த நேரத்தில் பார்த்தாலும் நாயின் உடம்பில் இருப்பவை சிறு பங்குதான்; மீதியெல்லாம் வீட்டில். நாயை மட்டும் வாரா வாரம் குளிப்பாட்டிவிட்டு "போகவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்கள் சுவரைப் பார்ப்பதே இல்லை. வளர்ந்த உண்ணி தீனியில்லாமலே பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உண்ணி கடிப்பதால் வரும் நோய்களில் இரண்டு முக்கியம். ஒன்று எர்லிக்கியா. காய்ச்சல், சோர்வு, சோறு வேண்டாமை என்று தொடங்கி, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மூக்கிலிருந்து இரத்தம் வடியும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். மூக்கில் இரத்தம் வந்தால் "சூடு" என்று சொல்லி மோர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொரு தொல்லை, இது சில நாட்களில் தானாகவே சரியானது போல ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் உடம்புக்குள் தங்கி, பிறகு எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெளிப்படும். அந்தக் கட்டத்தில் பிழைப்பது கடினம். இரண்டாவது பபேசியா. சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போகும்.

இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். பணம் பறிப்பதற்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாட்கள். ஐந்தாம் நாளே நாய் எழுந்து வாலாட்டிச் சோறு கேட்கும். அங்கேதான் நம்மவர்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றிலும் கொடுக்காதீர்கள், பாலிலும் கலக்காதீர்கள். சோற்றோடு கொடுத்துக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க விடுங்கள்.

உண்ணி தேடும் இடங்கள்: காதுமடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்குகள், அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி. வெளியே போய்விட்டு வந்ததும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் நுனிக்குச் சீக்கிரம் தட்டுப்படும். கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது. எடுத்ததை ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போடுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, வண்டியின் பழைய ஆயில் பூசுவது, தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவது மூன்றும் இன்னும் நடக்கின்றன. தடவியதை நாய் நக்கும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். உரக்கடையில் வாங்கும் பூச்சிக்கொல்லியைக் கண்ணளவாகக் கலந்து குளிப்பாட்டுவது அதைவிட மோசம். இன்று மாதம் ஒருமுறையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் வந்துவிட்டன. விலை உறுத்தும்தான். ஆனால் ஒரு முறை இரத்தம் ஏற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. வலிப்பு நோய் உள்ள நாயாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாய்க்கு என்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனை இருக்கும் வீட்டில் பயன்படுத்தக் கூடாது, பூனை செத்துப்போகும்.

வீட்டுக்குள் சுவர் வெடிப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசுங்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். மருந்து அடிப்பதானால் நாயையும் குழந்தைகளையும் வெளியேற்றி, தரை நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடித்தால்தான் முட்டையிலிருந்து வந்தவையும் சாகும்.

குட்டிகளைக் கொண்டுபோகும் கழிச்சல்

பார்வோ வைரஸ் உலகத்துக்குத் தெரியவந்தது 1970-களின் கடைசியில்தான். அதற்குள் அது குட்டி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டின் பயமாகிவிட்டது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைத்தான் அதிகம் பிடிக்கும். முதலில் சோர்வு, பிறகு வாந்தி, பிறகு இரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். குட்டி சாவது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றியும் குடலிலிருந்து கிருமி இரத்தத்தில் பரவியும். எனவே நரம்பு வழியாகக் குளுக்கோஸ், சலைன் ஏற்றுவது தள்ளிப்போட முடியாத வேலை. "இன்னைக்கு ராத்திரி பாத்துட்டு காலையில போலாம்" என்று இதில் மட்டும் சொல்லக் கூடாது. வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

தடுப்பூசி போட்ட குட்டிக்கும் பார்வோ வந்ததாகச் சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு ஊசியோடு நிறுத்தியிருப்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். கிளினிக்குகளில் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று சொல்லும் கூட்டு ஊசி இதுதான். இதிலேயே டிஸ்டெம்பருக்கும் எலிக்காய்ச்சலுக்கும் பாதுகாப்பு வந்துவிடும். ஊசிக் குப்பியில் இருக்கும் சீட்டைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டு வாங்குங்கள். விற்பவர் "ஊசியெல்லாம் போட்டாச்சு சார்" என்று வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில், பூங்காவில் தரையில் விட வேண்டாம்; தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டலாம்.

பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டில் அடுத்த மாதமே இன்னொன்றைக் கொண்டுவந்து அதையும் இழந்தவர்கள் உண்டு. வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும். சாதாரண பினாயிலை நம்ப முடியாது. துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையைக் கழுவிய பிறகு ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரைக்கு இதுவும் போதாது. ஊசி முழுக்கப் போட்டு முடித்த வளர்ந்த நாயைத்தான் அங்கே கொண்டுவரலாம்.

டிஸ்டெம்பர் கண்ணிலும் மூக்கிலும் சீழாக வடிவதில் தொடங்கும். பாதத் தோல் கெட்டியாகும். பிறகு வாயில் எதையோ மெல்லுவது போலத் தாடை ஆடும் வலிப்பு வரும். அந்த நிலைக்குப் போனால் பிழைத்தாலும் நடுக்கம் தங்கிவிடும். தடுப்பூசியைத் தவிர இதற்கு நம்மிடம் ஆயுதம் இல்லை.

பூச்சி மாத்திரை பலருக்கும் தெரிந்ததுதான், முறைதான் தெரிவதில்லை. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். அதனால் இரண்டு வார வயதிலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துத்தான் அளவு. இந்தப் புழு வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும் என்பதால் முற்றத்தில் கழிவைக் கிடக்க விடாதீர்கள்.

வெயிலும் மழையும்

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையான பக், ஷிட்சூ நாய்களுக்கு அந்த வழியும் குறுகல். அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஆறு மணிக்கு முன்பே நடைக்குப் போய்த் திரும்புங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி தாங்கவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. மொட்டைமாடியில் தகரக் கூண்டு, பூட்டிய கார் இரண்டும் கொலைக்களம். சென்னையில் ஹஸ்கி வளர்ப்பது பற்றி என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு செங்கல் நிறமாகி, கால் தள்ளாடினால் வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குத் தூக்கிப்போய்ச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி மின்விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட வேண்டாம். சூடு உள்ளேயே தங்கும். வெப்பம் 103-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். எழுந்து நின்றுவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் தெரியும்.

மழைக்காலத்தின் நோய் எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரை நாய் குடித்தாலோ அதில் புண்ணோடு நடந்தாலோ போதும். காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள், சிறுநீர் குறைவது. இது மனிதர்களுக்கும் தொற்றும். அந்த நாயின் சிறுநீரைச் சுத்தம் செய்யும்போது கையுறை கட்டாயம். இதற்கான ஊசியின் பலம் ஓராண்டுதான் என்பதால் வருடம் தவறாமல், மழைக்கு முன்பாகவே போட்டுவிடுங்கள்.

சமையலறையும் மருந்துப் பெட்டியும்

வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சோறும் குழம்புச் சோறும் போட்டு வளர்த்த வீடுகளில் இதைச் சொன்னால் "எங்க தாத்தா காலத்துல..." என்று ஆரம்பிப்பார்கள். தாத்தா போட்டது நீராகாரமும் மீன் தலையும். பிரியாணி மசாலாவைப் போடவில்லை. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கேசரியிலும் பாயசத்திலும் கிடப்பவை உட்பட. சாக்லேட் கூடாது. சர்க்கரை சேர்க்காத மிட்டாய், சூயிங்கம் ஆகியவற்றில் இருக்கும் சைலிட்டால் ஒரு சிறு அளவே நாயின் இரத்தச் சர்க்கரையைப் படுவேகமாக இறக்கும். ஞாயிற்றுக்கிழமை சமைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

நொண்டுகிறது என்று டைக்ளோஃபினாக், உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால், வலிக்குமே என்று ஐபுப்ரோஃபென். மூன்றையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண்ணும், ஈரல், சிறுநீரகச் சேதமும் வரும். மருந்துக் கடைக்காரர் கொடுத்தார் என்பது காரணமாகாது. அவர் மனிதருக்கு மருந்து விற்பவர்.

பெட்டை நாய் வளர்ப்பவர்களுக்கு

கருத்தடை செய்யாத பெட்டை ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சோர்ந்து, வாந்தி எடுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். பின்னால் சீழ் வடிந்தால் கண்டுபிடிப்பது எளிது. கருப்பை வாய் மூடியிருந்தால் எதுவும் வடியாது, வயிறு மட்டும் உப்பும். அதுதான் அதிக ஆபத்து. உடனே அறுவை சிகிச்சை. குட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் சரியான வயதில் கருத்தடை செய்துவிடுவதே இதற்குத் தடுப்பு. "ஒரு தடவையாவது குட்டி போடணும்" என்பது நம் ஆசை. நாயின் உடம்புக்கு அப்படி ஒரு தேவை இல்லை.

டாபர்மேன், கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போல நெஞ்சு ஆழமான பெரிய நாய் சாப்பிட்டபின் வயிறு பறை போல இறுகி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் நேரமில்லை. நள்ளிரவானாலும் கிளம்புங்கள். எந்த மருத்துவமனை இரவில் திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903-இல் தொடங்கியது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்கும் அங்கங்கே அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

வெறிநோய்

அறிகுறி தோன்றிய பின் நாய்க்கும் மனிதருக்கும் மருந்தில்லாத நோய் இது. தெருவில் நுரை தள்ளி ஓடிக் கடிப்பதை மட்டுமே எல்லோரும் வெறி என்று நினைக்கிறார்கள். இன்னொரு வகை அமைதியாக வரும். நாய் இருட்டு மூலையில் ஒதுங்கும், குரல் மாறும், தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது. பார்ப்பவர் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார். தாடை தொங்கும் நாயின் வாயில் எக்காரணம் கொண்டும் வெறுங்கையை விடாதீர்கள்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய் ஊசி, அடுத்து டாக்டர் சொல்லும் பூஸ்டர், பின் ஆண்டுதோறும். வீட்டை விட்டே இறங்காத நாய்க்கும் போட வேண்டும். கேட்டுக்கு அடியில் தெருநாய் மூக்கை நீட்டுவதை யாரும் தடுக்க முடியாது.

நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்க வேண்டாம். கட்டுப் போட வேண்டாம். கடித்தது வீட்டு நாய், ஊசி போட்ட நாய், பாசமான நாய் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். கடித்த நாயைக் கொல்லவும் விரட்டவும் வேண்டாம், பத்து நாட்கள் கண்காணியுங்கள். அதற்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசி இலவசம்.